மொய்யும் வெச்சு, சாப்பாட்டு டோக்கனும் வாங்கி...

இங்கிலாந்து விசாவுக்கு ஆகற செலவைப் பத்திப் பேச்சை எடுத்தாலே ஒருத்தர் வந்து "அவன் ஊரு, அவன் விசா, இஷ்டமில்லேன்னா போகாதே"ன்னு சொல்லிட்டுப் போயிடறார். விசாவுக்குக் காசே வாங்கக்கூடாதுன்னு நானும் சொல்லலீங்க. ஸ்கில்டு வொர்க்கர் விசா, மூணு வருஷத்துக்கு மேலன்னா 1,519 பவுண்டு (2025 ஏப்ரல் கட்டணம், இங்கேருந்து விண்ணப்பிச்சா). அதிகம்தான். ஆனா அது விசாவுக்கான காசு, வாங்கிக்கட்டும். எனக்கு எரியறது அதுகூடவே ஒட்டிக்கிட்டு வர்ற இன்னொண்ணைப் பார்த்துதான். இமிக்ரேஷன் ஹெல்த் சர்சார்ஜ்.

2015 ஏப்ரல்ல ஆரம்பிச்சப்போ இது ஆளுக்கு வருஷம் 200 பவுண்டு. 2019-ல 400. 2020 அக்டோபர்ல 624. 2024 பிப்ரவரி 6-லேருந்து 1,035, பிள்ளைங்களுக்கு 776. ஒம்போது வருஷத்துல அஞ்சு மடங்கு!

மாசாமாசம் கட்டற சமாச்சாரமும் இல்ல. விசா எத்தனை வருஷமோ அத்தனைக்கும் மொத்தமா, விண்ணப்பம் போடும்போதே எண்ணி வெச்சிடணும். பொட்டி தட்டுறவன், தங்கமணி, ஒரு குழந்தை, அஞ்சு வருஷம்னா சர்சார்ஜ் மட்டும் 14,230 பவுண்டு. மூணு பேர் விசா கட்டணம் 4,557-ஐச் சேர்த்தா 18,787. பவுண்டுக்கு நூறு ரூபாய்னு குறைச்சுப் போட்டாலே பதினெட்டே முக்கால் லட்சம். அந்த ஊர்ல இன்னும் ஒரு பவுண்டுகூட சம்பாதிக்கலை, கவனிங்க. விசா மறுத்தா சர்சார்ஜ் திரும்ப வரும். விசா கிடைச்சு, ரெண்டாம் வருஷமே மூட்டையைக் கட்டினா மிச்சம் கோவிந்தா.

"ஆஸ்பத்திரி இலவசம்ல, கட்டினா என்ன?"ம்பாங்க. இலவசமா? என்.எச்.எஸ் ஓடறது பெரும்பாலும் வரிப்பணத்துல. வருஷம் 45,000 பவுண்டு சம்பளம்னா வருமான வரி 6,486, நேஷனல் இன்ஷூரன்ஸ் 2,594, ரெண்டையும் பக்கத்து சீட்டு வெள்ளைக்காரர் மாதிரியே நம்மாளும் கட்டறார். அதுக்கும் மேல இந்த 1,035. கல்யாண வீட்டுல மொய்யும் வாங்கிட்டு, பந்தி வாசல்ல சாப்பாட்டு டோக்கனும் விக்கிற கதை. இத்தனைக்கும் அப்புறமும் இங்கிலாந்துல மருந்துச்சீட்டுக்கும் பல் வைத்தியத்துக்கும் தனியா காசு.

அடுத்த வாதம் இன்னும் ஜோர்: "இத்தனை வருஷமா அவங்க வரி கட்டி உருவாக்கினது, புதுசா வர்றவன் பங்கு கொடுக்க வேணாமா?" சரி. இருபத்தொரு வயசுல முதல் வேலைக்குப் போற உள்ளூர்ப் பையன் இதுவரை என்ன கட்டியிருக்கான்? அவனைப் பெத்தெடுத்த ஆஸ்பத்திரி, தடுப்பூசி, பள்ளிக்கூடம் எல்லாம் அந்த அரசாங்கத்துச் செலவு. நமக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுத்தது, படிக்க வெச்சது எல்லாம் நம்ம ஊரும் நம்ம அப்பா அம்மாவும். அவங்களுக்குப் பைசா செலவில்லாம, முதல் நாளே வரி கட்டற நிலைமையில முழுசா வளர்ந்த ஆள் போய் இறங்கறான். கணக்குன்னு பார்த்தா யாரு யாருக்குக் கொடுக்கணும்?

உண்மையான காரணத்தை அவங்களே ஒரு தடவை போட்டு உடைச்சாங்க. 2023 ஜூலைல அரசு ஊழியர்களுக்குச் சம்பள உயர்வு அறிவிச்ச ரிஷி சுனக், அந்தப் பணத்துக்கு வழியாச் சொன்னதுல முக்கியமானது விசா கட்டணத்தையும் இந்த சர்சார்ஜையும் ஏத்தறது. ஓட்டு இல்லாதவன் பையில கை விட்டா யாரு கேக்கப் போறா? (அவரோட அப்பா வெளிநாட்டுலேருந்து அங்க போய் என்.எச்.எஸ் டாக்டரா இருந்தவர். ஹ்ம்ம்.)

மனசிருந்தா எடுக்கவும் தெரியும். 2020 மே 20 அன்னிக்குப் பாராளுமன்றத்துல போரிஸ் ஜான்சன் இதை ஆதரிச்சுப் பேசினார். மறுநாளே மருத்துவ, பராமரிப்புப் பணியாளர்களுக்கு விலக்குன்னு முடிவாச்சு. கொரோனா நேரம், கைதட்டின கையோட காசு கேக்க கூச்சமா இருந்திருக்கும். ஜெர்மனியைப் பாருங்க: நீண்டகால விசாவுக்கு 75 யூரோ. அங்க அரசு மருத்துவக் காப்பீட்டுல சேர்ந்தா சந்தா சம்பளத்துல பிடிப்பாங்க, பாதி கம்பெனி பங்கு. ஜெர்மன்காரருக்கும் நம்மாளுக்கும் ஒரே கணக்கு.

"எல்லாம் கம்பெனி கட்டிடும் பாஸ்"னு சிரிக்கிறவங்களுக்கு ஒரு தகவல். எனக்கு வந்த ஆஃபர்ல (கம்பெனி பேர் வேணாம்) என் விசாவும் என் சர்சார்ஜும் மட்டும்தான் அவங்க கணக்கு. குடும்பத்துக்கு நாமதான். ரெண்டு வருஷத்துக்குள்ள வேலையை விட்டா அவங்க கட்டினதையும் திருப்பித் தரணும். என்கூட வேலை பார்த்த ஒருத்தர் இதே மாதிரி ஒண்ணுல கையெழுத்துப் போட்டுட்டுத் தனியாப் போனார். பிள்ளை திருச்சியில, அவர் ரீடிங்ல. அந்தப் பிள்ளை நடக்க ஆரம்பிச்சதை ஸ்கைப்லதான் பார்த்தார், அதுவும் மறுநாள் மறுபடி நடக்க வெச்சு.

ஆஃபர் கையில வந்திருக்கிற மக்கா, தங்கமணிக்கும் பிள்ளைக்கும் சர்சார்ஜ் யார் தலையில, நடுவுல விட்டா எவ்வளவு திருப்பித் தரணும், இந்த ரெண்டையும் ஹெச்.ஆர்கிட்ட மெயில்லயே கேட்டு வாங்கிடுங்க. ஃபோன்ல "பாத்துக்கலாம்"னுதான் சொல்லுவாங்க.