கட்டவிழ்ந்த கருவி

1990ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போயிற்று. பற்றறியோ தடைசெய்யப்பட்ட பண்டங்களுள் ஒன்றாயிற்று. அந்நாளிலே கோப்பாயில் மாலைப்பொழுதில் ஒரு வீட்டைக் கடந்து செல்வோர், முற்றத்திலே துவிச்சக்கர வண்டி தலைகீழாக நிற்பதையும், ஒருவர் அதன் மிதியைக் கையாற் சுழற்ற, ஏனையோர் றேடியோவைச் சூழ்ந்திருப்பதையும் காண்பர். வண்டி விளக்குக்கென அமைந்த டைனமோவே அன்று எங்கள் மின்நிலையம்.

இதனைச் சொன்னால் இக்கால மாணவர் நகைக்கின்றனர். ஆயினும் அதன் நுட்பத்தைச் சற்று எண்ணிப்பார்த்தல் தகும். டைனமோ தருவது ஏறக்குறைய 6 வோல்ற்று. றேடியோவுக்குள் இடும் நான்கு பற்றறிகளும் சேர்ந்து தருவதும் 6 வோல்ற்றே. டைனமோவின் மின்னோட்டம் முன்னும் பின்னுமாய் அலைவது. அதனை ஒருவழிப்படுத்த நான்கு டயோட்டுகளும், அலையை அடக்க ஒரு கொள்ளளவியும் வேண்டும். பழுதாகிய றேடியோக்களின் வயிற்றிலிருந்து அவை எடுக்கப்பட்டன. ஒரு வீட்டார் கற்றதை அயல்வீட்டார் கற்றனர். இஃது என் உபாயம், பிறர் செய்யலாகாது என்றார் ஒருவரும் இலர். கசற் போடும்போது மாத்திரம் ஒரு சங்கடம்: சுழற்றுபவர் களைத்தால் மோட்டாரும் தளரும், பாடகரின் சுருதி மெல்ல இறங்கும். "பிள்ளைக்குப் பசிக்குது போல, பாட்டுக்காரற்றை குரல் இறங்குது" என்று என் அம்மம்மா உள்ளிருந்து சொல்வார். மிதி அப்பொழுது பெரும்பாலும் என் கையில்.

அக்கசற்றுக்களுட் பல எம்மூர்க் கோயிலில் நிகழ்ந்த புராண படனத்தின் ஒலிப்பதிவுகள். ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்வார். வாசித்தவரும் இன்றில்லை, பயன் சொன்னவரும் இன்றில்லை. நாடா உதிரத் தொடங்கியபோது என் மாணாக்கர் ஒருவர் அவற்றை எண்ணிம வடிவுக்கு மாற்றித் தந்தார். குரல்கள் பிழைத்தன. கேட்பது எதனில் என்பதே பின்னர் எழுந்த வினா.

ஒரு சிறிய பாட்டுக் கருவியை விலைக்கு வாங்கினேன். அது படலங்களைப் படல முறையில் நிறுத்தவில்லை. தன் மனம்போல அடுக்கியது. தமிழ்ப் பெயர்களைக் கண்டால் வெறுங் கட்டங்களைக் காட்டியது. வேறொரு கருவியிலே கட்டங்கள் இல்லை, எழுத்துக்கள் இருந்தன. கொம்புகளோ இடம் மாறிக் கிடந்தன. கொம்பு கண்ணுக்கு மெய்யின் முன்னே தோன்றுவது, கணினிக்குள் மெய்யின் பின்னே சேமிக்கப்படுவது. அம்முறையை அக்கருவிக்கு ஒருவரும் கற்பிக்கவில்லை. கற்பிக்க எண்ணினாலும் வழியில்லை, உள்ளே பூட்டியிருந்தது. இரண்டு ஆண்டுகளில் முதற்கருவியின் பற்றறி தளர்ந்தது. அதுவும் உள்ளே ஒட்டப்பட்டிருந்தமையால் கருவியே குப்பையாயிற்று. தலைகீழாக நின்ற துவிச்சக்கர வண்டியை அன்று நான் மிகவும் நினைத்தேன்.

இக்குறையை உணர்ந்தோர் உலகிற் பிறரும் உளர். அப்பிள் நிறுவனம் ஐபொட்டை வெளியிட்டது 2001இல். 2022இல் அதனை நிறுத்திவிட்டது. அதே 2001இல், ஆர்க்கோஸ் என்னும் பிரெஞ்சு நிறுவனத்தின் கருவியை வாங்கிய சுவீடன் நாட்டு நிரலர் சிலர், அதன் மென்பொருளில் மனம் நிறையாது, தாமே வேறொன்று எழுதப் புகுந்தனர். றொக்பொக்ஸ் எனப்படும் அதனைப் பின்னர்ப் பல நாட்டவர் திருத்தியும் பெருக்கியும் வேறு பல கருவிகளுக்கு இசைவித்தனர். விட்ட இடத்திற் குறியிடுதல், சுருதி மாறாமல் வேகத்தைக் குறைத்தல் என்பன அதில் உண்டு. பட்டியலைக் குரலால் அறிவிக்கும் ஏற்பாடும் உண்டு. அதனாற் கண்பார்வையற்றோர் பலர் அதனை விரும்பினர். ஆஸ்திரேலியாவில் உருவான தங்காரா என்னும் கருவியோ இன்னும் ஒரு படி மேலே சென்றது. அதன் மென்பொருளோடு மின்சுற்று வரைபடமும் உறையின் வடிவமும் யாவர்க்கும் திறந்து வைக்கப்பட்டுள்ளன.

இவ்வகை மென்பொருளைத் தமிழிற் 'கட்டற்ற மென்பொருள்' என்கின்றனர். கட்டற்றவன் என்றால் அடங்காதவன் என்று பொருள்கொள்ளும் ஊரிலே இச்சொல் முதலில் எனக்கு உவக்கவில்லை. ஏட்டுக் கட்டை நினைத்தபின் உவந்தது. எமக்கு அயலாகிய சிறுப்பிட்டியிலே 1832இற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, செல்லரித்த ஏடுகளைத் தேடி, கட்டவிழ்த்து, ஒப்புநோக்கி, 1887இற் கலித்தொகையை அச்சேற்றினார். ஏடு ஒரு வீட்டின் பரணில் இருந்தவரைக்கும் அவ்வீட்டோடு அழியக்கூடியதாயிருந்தது. கட்டற்ற மென்பொருள் பலவற்றிலே ஒரு நிபந்தனையும் உண்டு: திருத்தி வழங்குபவர் தம் திருத்தத்தையும் அவ்வாறே திறந்து வழங்கல்வேண்டும். உரையாசிரியர் மரபில் வந்த எமக்கு இது புதுமையன்று.

கைத்தொலைபேசி இருக்க இவையெல்லாம் எதற்கு என்பார்க்கு ஒன்று சொல்வேன். செய்யுள் மனனம் செய்யப் பிள்ளையின் கையிற் கைத்தொலைபேசியைக் கொடுத்துப் பார்த்த ஆசிரியர் எவரும் இவ்வினாவைக் கேளார்.

ஆதலின், கல்லூரிகளின் தமிழ்ச் சங்கமும் விஞ்ஞானச் சங்கமும் ஒன்றுகூடி இத்தகைய கருவியொன்றைச் செய்ய முன்வரல்வேண்டும் என்பது என் கருத்து. தமிழ் எழுத்தைப் பிழையின்றிக் காட்டுவது, நூலின் முறைப்படி நிறுத்துவது, ஒரு செய்யுளைத் திரும்பத் திரும்ப ஒலிப்பது, பற்றறியைக் கழற்றி மாற்ற இடந்தருவது: இவ்வளவே வேண்டுவன. பேச்சு ஒலிப்பதிவு ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 29 மெகாபைற் போதும். 32 கிகாபைற் அட்டையொன்றில் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் அடங்கும். எளிதென்று சொல்லேன். இக்காலத்துச் சில்லுகள் அரிசிக் குறுணியளவின. பற்றாசு பிடிக்கும் கை நடுங்கலாகாது. முதற்கருவி பேசாது, இரண்டாவது கரகரக்கும். கருவி யாவர்க்கும் திறந்ததாயினும் அதனுட் சேரும் குரல்கள் அவ்வாறல்ல. அவற்றுக்குரியார் அல்லது அவர்தம் மக்களின் இசைவைக் கேட்டே சேர்த்தல்வேண்டும்.

2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகத்தை நம்மவர் தொண்டர்களாகக் கூடியே வளர்த்தனர். அச்சேறியவற்றை அவர்கள் காத்ததுபோல, கேட்கவேண்டியவற்றைக் கேட்கச் செய்யும் வேலை எஞ்சியிருக்கின்றது. என் பங்குக்கு அக்கசற்றுக்களின் எண்ணிமப் பிரதியைத் தருவேன். மேசை வேண்டுமாயின் என் வீட்டு விறாந்தையில் ஒன்று உண்டு. பழைய டைனமோவும் அங்கேதான் கிடக்கின்றது. போன தைப்பொங்கலுக்கு வீடு ஒதுக்கும்போது சுழற்றிப் பார்த்தேன், இன்னும் மின்விளக்கு எரிகின்றது.