எந்த டம்ளரில் காபி?

சிதம்பரம் தேர் வீதிகளிலும் கடலூர் மஞ்சக்குப்பத்திலும் காபிக்கடைகள் பெருகிவிட்டன. நெடுஞ்சாலைக்கு வந்தால் 'கும்பகோணம் டிகிரி காபி' பலகையும் பித்தளை டபரா டம்ளரும். அண்ணாமலை நகர் மாணவர்களுக்கு மாலைப் பொழுது இத்தகைய மேசைகளில்தான் கழிகிறது. இதில் குறை சொல்ல நமக்கு ஒன்றுமில்லை. பல தெருக்களிலிருந்து வந்த பிள்ளைகள் ஒரே மேசையில் உட்கார ஓர் இடம் கிடைத்தால் நல்லதுதான்.

ஆனால் அதே மேசையில், "இப்பல்லாம் யாருங்க சாதி பாக்குறா? எல்லாரும் ஒண்ணாத்தானே காபி குடிக்கிறோம்" என்று ஒரு நண்பர் சொல்லும்போது நாம் பேசித்தான் ஆக வேண்டும்.

நகரத்துக் காபிக்கடையில் நம் சாதியை யாரும் கேட்பதில்லை. காரணம், அங்கே நம்மை யாருக்கும் தெரியாது. காசு கொடுத்தவர் வாடிக்கையாளர், அவ்வளவுதான். அதே மாணவர் வார இறுதியில் பஸ் ஏறி ஊருக்குப் போகிறார். ஊர்த்தெரு டீக்கடைக்காரருக்கு அவரைத் தெரியும், அவர் அப்பாவைத் தெரியும், எந்தத் தெரு என்றும் தெரியும். தெரிந்த இடத்தில் என்ன கிளாஸ் நீட்டப்படுகிறது என்பதுதான் கேள்வி.

காபியின் கதையே இந்தக் கேள்வியோடு வந்ததுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் காபித் தோட்டங்களுக்குத் தமிழ் மாவட்டங்களிலிருந்து கூலிகளாகப் போனவர்களில் பெரும்பகுதி நம் மக்கள். மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மலைநாட்டுக்கு நடந்தே போனார்கள். காலராவிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். 1869இல் தொடங்கிய இலைத்துரு நோய் அந்தத் தோட்டங்களை அழித்து, தேயிலை வரும்வரை காபிக்கு உழைத்த கைகள் அவை. இங்கே தமிழ்நாட்டு நகரங்களிலோ காபி 'பிராமணாள்' பலகை மாட்டிய ஓட்டல்களின் பெருமையாக வளர்ந்தது.

அந்தப் பலகையை எதிர்த்து 1957இல் சென்னை திருவல்லிக்கேணி முரளி கபே முன்பு பெரியார் மறியல் நடத்தினார். நியாயமான போராட்டம், அதை நாம் மதிக்கிறோம். ஆனால் நகரத்துப் பலகை இறங்கியபோது கிராமத்து டம்ளர் இறங்கவில்லை. கிராமத்து டீக்கடையில் தனிக் குவளை வைத்தவர்கள் பிராமணர்கள் மட்டும் அல்லவே. ஊரில் நிலமும் எண்ணிக்கையும் உள்ள இடைநிலைச் சாதியினர்தான் அந்த வழக்கத்தைக் காத்து நின்றார்கள். இதைச் சொன்னால் சில முற்போக்கு நண்பர்களுக்கு முகம் சுருங்குகிறது. சுருங்கட்டும்.

இரட்டைக் குவளை இன்று வேடம் மாற்றிக்கொள்கிறது. தனியாக ஆணியில் தொங்கும் டம்ளர் என்றால் புகார் வரும், படம் எடுத்துவிடுவார்கள். அதனால் ஊர்க்காரருக்குக் கண்ணாடி கிளாஸ், காலனிக்காரருக்குப் பேப்பர் கப். கேட்டால் 'சுத்தம்' என்பார்கள். எல்லாருக்கும் பேப்பர் கப் என்றால் சுத்தம். ஆள் பார்த்துக் கொடுத்தால் அது தீண்டாமை. பிளாஸ்டிக் பூசிய கப்புகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. ஆனால் இந்தப் பாகுபாட்டுக்குத் தடை அதற்கும் பல பத்தாண்டுகள் முந்தையது.

சட்டத்தைத் தெரிந்துகொள்வோம். கடைகள், உணவகங்களில் நுழையும் உரிமையை அரசமைப்பின் 15(2) பிரிவு தருகிறது. தீண்டாமையை 17ஆம் பிரிவு ஒழிக்கிறது. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டம், 4ஆம் பிரிவில், உணவகங்களின் பொதுப் பாத்திரங்களைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், அது தீண்டாமையால் நடந்தது என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும், இல்லையென்று காட்ட வேண்டியது எதிர்த்தரப்பு என்கிறது 12ஆம் பிரிவு. 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் இதே குற்றம் இருக்கிறது. தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை. விசாரிக்க வேண்டியவர் டி.எஸ்.பி. நிலை அதிகாரி.

'ஒரு டம்ளருக்கு இவ்வளவா?' என்பவர்கள் 1960 பிப்ரவரி 1ஐ நினைத்துப் பார்க்கட்டும். அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோ நகரில் நான்கு கறுப்பின மாணவர்கள், வெள்ளையருக்கு மட்டுமான உணவு மேசையில் உட்கார்ந்து கேட்டது காபிதான். கொடுக்கவில்லை, அவர்களும் எழுந்திருக்கவில்லை. மறுநாள் இன்னும் சில மாணவர்கள், அடுத்த நாள் மேலும் பலர். அமெரிக்கத் தெற்கின் பல நகரங்களுக்கு அது பரவியது. ஜூலையில் அந்த மேசை எல்லாருக்கும் திறந்தது.

நமக்கு வெளியே போய் முன்னோடி தேட வேண்டியதுமில்லை. 1916இல் சுவாமி சகஜானந்தா நம் பிள்ளைகளுக்காக நந்தனார் பள்ளியைத் தொடங்கியது இதே சிதம்பரத்தில். காட்டுமன்னார்கோயில் எல்.இளையபெருமாள், பள்ளியில் தலித் மாணவர்களுக்கென்று வைத்த தனிப் பானையை உடைத்தவர் என்று சொல்வார்கள். 1965இல் அமைக்கப்பட்டு 1969இல் அறிக்கை தந்த, இந்தியா முழுவதும் தீண்டாமை நிலையை ஆராய்ந்த குழுவுக்கு அவர்தான் தலைவர். அதே மாவட்டத்தில், 2020இல், புவனகிரி அருகே தெற்குத் திட்டையில், மற்றவர்கள் நாற்காலியில் இருக்க ஊராட்சித் தலைவரான தலித் பெண் தரையில் உட்கார்ந்திருந்த படம் நாடெங்கும் பரவியது. பானை, நாற்காலி, டம்ளர் எல்லாம் ஒரே சங்கிலி.

ஆகவே மாணவத் தோழர்களே, காபிக்கடைக்குப் போங்கள், தாராளமாகப் பேசுங்கள். ஆனால் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது டீக்கடையைக் கவனியுங்கள். யாருக்கு கிளாஸ், யாருக்கு பேப்பர் கப், யார் பெஞ்சில் உட்காருகிறார்கள், யார் நின்று குடிக்கிறார்கள், குடித்த கிளாஸை யார் கழுவுகிறார்கள் என்று தேதி போட்டு எழுதி வையுங்கள். தனியாகப் போய்ச் சண்டையில் மாட்டிக்கொள்ளாதீர்கள். ஊரில் கூலி வேலைக்குப் போகும் பெற்றோருக்கு அதன் விலை தெரியும். அவர்களிடம் முதலில் பேசுங்கள். நாலைந்து பேராகச் சேர்ந்து எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள், ஒரு நகலை மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்புங்கள். வன்கொடுமைத் தடுப்புக்கான மாவட்டக் கண்காணிப்புக் குழுவின் தலைவர் அவர்தான்.

காபிக்கடையில் நம்மோடு உட்காரும் மற்றச் சாதி நண்பர்களிடம் நாம் கேட்பதும் ஒன்றுதான். உங்கள் ஊர் டீக்கடைக்கு ஒரு நாள் எங்களைக் கூட்டிப் போங்கள். எங்களுக்குத் தரும் அதே கிளாஸில் நீங்களும் குடியுங்கள்.