பின்சக்கரத்தை யார் பார்ப்பது?

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தன் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தை ஒரு தடவையாவது தரையிலிருந்து தூக்கி, தன் கையால் சுழற்றிப் பார்க்காதவனுக்கு, அந்த வண்டியில் இன்னொருவரைப் பின்னால் ஏற்றிக்கொள்ளும் யோக்கியதை கிடையாது. கோபம் வருகிறவர்கள் கோபித்துக்கொள்ளட்டும். கோபித்துக்கொண்ட பிறகு வாசலுக்குப் போய்த் தங்கள் வண்டியின் செயினை ஒருமுறை தொட்டுப் பார்க்கட்டும். விரலில் ஒட்டுவது எண்ணெயா, துருவா என்று தெரிந்துகொண்டு எனக்குப் பதில் எழுதலாம்.

இந்த எண்ணம் எனக்குக் கும்மிடிப்பூண்டியில் வந்தது. சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லையை ஒட்டியிருக்கும் ஊர் அது. இரும்பு உருக்கும் உலைகளும் கம்பி இழுக்கும் மில்களும் நிறைந்த சிப்காட் வளாகம் ஒருபுறம். கல்கத்தாவுக்குப் போகும் நெடுஞ்சாலை மறுபுறம். ஷிப்ட் மாறும் வேளையில் அந்தச் சாலை ஓரமாக நின்று பார்க்க வேண்டும். இரும்புச் சுருள்களை ஏற்றிக்கொண்டு வரும் டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே மோட்டார் சைக்கிள்கள் நுழைந்து நுழைந்து போகும். பல வண்டிகளில் பின்னால் ஒரு பெண் ஒருக்களித்து உட்கார்ந்திருப்பாள். மடியில் குழந்தையோ சாப்பாட்டுப் பையோ இருக்கும். அவளுடைய உயிர் எதன்மீது உட்கார்ந்திருக்கிறது என்று அவளுக்கும் தெரியாது. முன்னால் இருப்பவனுக்கும் தெரியாது.

அங்கே எனக்கு ஒரு நண்பர் உண்டு. ரோலிங் மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனபோது வாசலில் மகனுடைய புல்லட் நின்றது. முதலில் எனக்கு அது புல்லட் என்றே தெரியவில்லை. பட்டணத்தில் ஒரு பட்டறையில் கொடுத்து 'ஆல்டர்' செய்திருந்தான். பின் மட்கார்டைப் பாதியாக வெட்டியாயிற்று. பின்சக்கரத்துக்கு மேல் துணி சிக்காமல் காக்கும் கம்பிவலை, நாம் சேலை கார்டு என்கிறோமே, அது போயிற்று. பின்னால் உட்காருபவர் பிடித்துக்கொள்ளும் கைப்பிடி போயிற்று. அழகுக்கு இடைஞ்சல் என்று சென்டர் ஸ்டாண்டையும் கழற்றிப் போட்டுவிட்டான். அகலமான டயர் ஒன்று மாட்டியிருந்தான். வேகமாகப் போனால் வண்டியின் பின்பக்கம் வாலை ஆட்டுகிறது என்று ஒரு புகார் வேறு.

கம்பெனி சர்வீஸ் நிலையம் ஒன்றில், மாற்றிய வண்டியைத் தொடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். மாற்றிய பட்டறையோ, "நாங்க பண்ணினது சரியாத்தான் இருக்கு" என்று கைகழுவிவிட்டது. ஒருவன் தொடமாட்டான், இன்னொருவன் பொறுப்பேற்கமாட்டான். இடையில் அந்த வண்டி தினமும் நெடுஞ்சாலையில் இரண்டு உயிர்களைச் சுமந்துகொண்டு ஓடிக்கொண்டிருந்தது.

"தூக்குடா, பார்ப்போம்" என்றார் நண்பர்.

எப்படித் தூக்குவது? சென்டர் ஸ்டாண்டு இருந்தால் ஒரு மிதி, ஒரு இழுப்பு. சக்கரம் அந்தரத்தில் நிற்கும். அதைத்தான் பிள்ளையாண்டான் அழகுக்குப் பலி கொடுத்துவிட்டானே! வேப்பமரக் கிளையில் கயிறு கட்டித் தூக்கலாம் என்றான். அப்பா ஒரு பார்வை பார்த்தார். பையன் வாயை மூடிக்கொண்டான். முன்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்தார். முன் பிரேக் பிடியை ஒரு பழைய டியூப் துண்டால் இறுகக் கட்டினார். பக்கத்து வீட்டுக் கார் ஜாக்கியை வாங்கி, சென்டர் ஸ்டாண்டு மாட்டியிருந்த இடத்தை ஒட்டிய சட்டத்துக்கு அடியில், நடுவில் ஒரு பலகை கொடுத்து, மெல்ல ஏற்றினார். மகன் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டான். சக்கரம் நாலு விரல் உயர்ந்ததும் இரண்டு மரக்கட்டைகளை அடியில் தள்ளினார். "ஜாக்கியை நம்பி ஒரு நாளும் அடியில் கையை விடாதே" என்றார்.

பிறகு கியரை நியூட்ரலில் போட்டுச் சக்கரத்தைக் கையால் சுழற்றினார். இஞ்சினை ஓடவிட்டுச் செயினைத் துடைக்கிற புத்திசாலிகள் நாட்டில் உண்டு. பல்சக்கரத்துக்கு விரலும் செயினும் ஒன்றுதான். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் 'சர் சர்' என்று உரசியது. அகல டயர் ஸ்விங் ஆர்மின் உட்பக்கத்தைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கியிருந்தது. செயினை இழுத்துப் பிடிக்க அச்சின் இரு பக்கமும் நத்தை ஓடு மாதிரி வெட்டுப் பற்கள் கொண்ட தட்டு உண்டு. இரண்டு பக்கமும் ஒரே பல்லில் நிற்க வேண்டும். இங்கே இடது பக்கம் மூன்றாவது பல். வலது பக்கம் ஐந்தாவது பல். சக்கரம் கோணலாக நின்றது. வாலை ஆட்டாமல் என்ன செய்யும்? எல்லாவற்றுக்கும் மேலே, பிரேக் தட்டைச் சுழலவிடாமல் பிடித்து நிறுத்தும் கம்பியின் நட்டில் பூட்டு ஊசி இல்லை. நட்டு பாதி கழன்றிருந்தது. அது விழுந்திருந்தால் ஒரு நாள் பிரேக் பிடித்த கணத்தில் தட்டே சக்கரத்தோடு சேர்ந்து சுழன்று, சக்கரம் சிக்கி நின்றிருக்கும். பின்னால் லாரி வந்துகொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

இத்தனையும் கண்டுபிடிக்க ஆன நேரம் அரை மணி. கருவிகள்: இரவல் ஜாக்கி, இரண்டு கட்டை, கண், காது.

அப்போது வாசற்படியில் நின்றிருந்த மருமகள் முதல் தடவையாக வாயைத் திறந்தாள்: "மாமா, அந்தக் கம்பிவலையையும் மறுபடி மாட்டச் சொல்லுங்க. போன வாரம் கவரைப்பேட்டை கிட்ட முந்தானை சக்கரத்துல இழுத்துக்கிச்சு. கிழிஞ்சதோட போச்சு."

மகன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "மாட்டினா அசிங்கமா இருக்கும்ப்பா."

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கட்டுரை.

பின்பக்கம் யாருடையது? ஓட்டுகிறவனுடையது அல்ல. அவன் அதைப் பார்ப்பதே இல்லை. அது பின்னால் உட்காருகிறவருடையது. புல்லட்டின் சரித்திரமே இதற்குச் சாட்சி. ஒரு காலத்தில் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களின் பின்சக்கரம் சட்டத்தோடு விறைப்பாகப் பிணைக்கப்பட்டிருந்தது. சீட்டுக்கு அடியில் இருந்த வில்தான் ஓட்டுகிறவனின் முதுகெலும்பைக் காப்பாற்றியது. 1948-ல் சோதனைப் பந்தயங்களுக்கு வந்து, 1949-ல் விற்பனைக்கு வந்த புல்லட்டில், பின்சக்கரம் தனியே மேலும் கீழும் அசையும்படி ஸ்விங் ஆர்மும் ஷாக் அப்சார்பரும் வைத்தார்கள். அன்று அதைக் கண்டு உதட்டைப் பிதுக்கியவர்கள் உண்டு. பிறகு உலகம் முழுவதும் அந்த வழிக்கே வந்தது. பின்னால் ஒரு மனித உடம்பு உட்காரலாம், அதற்கும் வலிக்கும் என்பதை இயந்திரம் ஒப்புக்கொண்ட இடம் அது. அதை வெட்டி, தாழ்த்தி, விறைப்பாக்கி அழகு பார்க்கிறவன், எழுபது வருஷத்துக்கு மேற்பட்ட நல்ல புத்தியைப் பின்னோக்கி ஓட்டுகிறான்.

அதே புல்லட் நம் ஊர் வண்டி ஆனது எப்படி? 1955-ல் இங்கிலாந்தில் ரெட்டிச் ஊர்க் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. கும்மிடிப்பூண்டிக்குத் தெற்கே திருவொற்றியூரில் வண்டி உருவாயிற்று. 1967-ல் ரெட்டிச் தொழிற்சாலையையே மூடிவிட்டார்கள்; இங்கே வண்டி தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. தாய்வீடு இடிந்த பிறகும் பெண் இங்கே குடித்தனம் நடத்தினாள். அவளை வாழவைத்ததில் பாதிப் பங்கு தொழிற்சாலைக்கு என்றால், மீதிப் பங்கு மரத்தடி மெக்கானிக்குகளுக்கும், ஞாயிற்றுக்கிழமை காலையில் பனியனோடு வாசலில் குந்தியிருந்த குடும்பஸ்தர்களுக்கும் சேரும்.

அந்தக் குடும்பஸ்தர்கள் எங்கே போனார்கள்? இங்கேதான் எனக்கு நம் மத்தியதர வர்க்கத்தின்மீது கோபம். ஆயுத பூஜை அன்று வண்டிக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்குகிறோம். வருஷத்தில் மற்ற நாட்களில் அந்தச் சக்கரத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுவதில்லை. கையில் கருப்பு ஒட்டிக்கொள்ளுமாம். கருப்பு ஒட்டிய கை யாரோ ஒருவனுடைய கையாக இருக்க வேண்டும், நம்முடையதாக இருக்கக் கூடாது என்பதுதான் நமக்குத் தலைமுறை தலைமுறையாக ஏறியிருக்கும் விஷம். அதற்கு இன்று 'நேரமில்லை' என்று பெயர் மாற்றியிருக்கிறோம். எழுத்தாளர்களும் இதில் உத்தமர்கள் அல்ல. எங்கள் கதாநாயகர்கள் மோட்டார் சைக்கிளில் வருகிறார்கள், போகிறார்கள். செயின் தளர்ந்ததென்று எவனாவது ஒரு அத்தியாயத்தில் குனிந்து பார்த்திருக்கிறானா? நானே எழுதியதில்லை.

அமெரிக்காவில் ராபர்ட் பிர்சிக் என்பவர் 1968-ல் மினசோட்டாவிலிருந்து கலிபோர்னியா வரை மோட்டார் சைக்கிளில் போனார். அதை வைத்து 1974-ல் அவர் வெளியிட்ட நூலின் பெயரிலேயே மோட்டார் சைக்கிள் பராமரிப்பு இருக்கிறது. கூட வந்த நண்பர் தம் விலையுயர்ந்த வண்டியின் உள்விவகாரத்தை அறியவே விரும்பாதவர். பிர்சிக்கோ தம் வண்டியைத் தாமே பார்த்துக்கொள்பவர். தத்துவம் பேசுகிறவர்கள் அந்த நூலைத் தத்துவத்துக்காகப் புகழ்கிறார்கள். எனக்கு வேறொன்று நினைவிலிருக்கிறது. பிர்சிக்கின் பின்னால் அவருடைய சிறு மகன் உட்கார்ந்திருந்தான்.

"வீட்டிலே கை வைத்தால் சட்டம் விடுமா?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். சட்டத்தைப் படித்துவிட்டுப் பேசுவோம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்து வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். 1989-ஆம் ஆண்டு மத்திய விதிகளில் 123-வது விதி, பின்னால் உட்காருகிறவருக்குக் கைப்பிடி வேண்டும், கால் வைக்க இடம் வேண்டும், துணி சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பு வேண்டும் என்று பட்டியலே போடுகிறது. அந்த மருமகள் கேட்டதைத்தான் சட்டமும் கேட்கிறது. ஆனால் கோணலாக நிற்கும் சக்கரத்தை நேராக்குவது மாற்றம் அல்ல. கெட்டதைப் பழையபடி ஆக்குவது. அதற்குக் குறுக்கே எந்தப் பிரிவும் நிற்கவில்லை.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவி, கைப்பேசி, வீட்டுச் சாதனம் இவற்றோடு வாகனத்தையும் அதில் சேர்த்தார்கள். அந்த டிசம்பரில் அதற்கென ஒரு இணையதளமும் திறந்தார்கள். நல்லது. உதிரிப் பாகமும் விளக்கப் புத்தகமும் நமக்குக் கிடைக்கத்தான் வேண்டும். ஆனால் ஸ்பானரைத் தொடக் கூசுகிறவனுக்குப் பழுதுபார்க்கும் உரிமையைக் கொடுத்து என்ன பிரயோஜனம்? பட்டினி கிடப்பவனுக்குச் சோறு கொடுக்கலாம். வாயைத் திறக்காதவனுக்கு எப்படிக் கொடுப்பது?

எல்லா வேலையையும் வீட்டில் செய் என்று நான் சொல்லவில்லை. ஸ்விங் ஆர்மில் விரிசல் கண்டால் வாசலில் வைத்துப் பற்றவைக்காதே. பேரிங் மாற்றவும், நெளிந்த சக்கரத்தை நேராக்கவும் தொழில் தெரிந்தவனிடம் போ. அவன் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடு. ஆனால் சக்கரத்தைத் தூக்கு. இரு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் அசை. 'டொக்' என்றால் உள்ளே தேய்மானம் இருக்கிறது. ஸ்போக் கம்பிகளைத் தட்டு. ஒன்று மட்டும் மந்தமாக ஒலித்தால் அது தளர்ந்திருக்கிறது. செயினை நாலைந்து இடத்தில் அமுக்கிப் பார். எங்கும் ஒரே மாதிரி தேய்வதில்லை. செயின் இணைப்பின் கிளிப்பில் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். செயினைச் சரிசெய்தபின் பிரேக்கையும் சரிசெய். இதற்கு மாதம் ஒரு மணி நேரம் போதும். பன்னிரண்டு மணி நேரம் உலைக்கு முன் நிற்கிற தொழிலாளியிடம் இதைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் உங்களிடமும், எழுதுகிற என்னிடமும் கேட்கக் கூச்சமே இல்லை.

கும்மிடிப்பூண்டியில் அன்று சாயங்காலம் பழைய டயர் திரும்ப ஏறிற்று. அச்சு இரு பக்கமும் ஒரே பல்லுக்கு வந்தது. நட்டுக்குப் புதிய பூட்டு ஊசி போட்டார் நண்பர். பரணில் கிடந்த கம்பிவலையையும் கைப்பிடியையும் மகனே இறக்கித் துடைத்து மாட்டினான். மட்கார்டு மட்டும் வெட்டியது வெட்டியதுதான். வேறு வாங்க வேண்டும். வண்டி அசிங்கமாக இருந்ததா என்றால், எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இதைப் படிக்கும் தாய்மார்களுக்கும் சகோதரிகளுக்கும் கடைசியாக ஒரு வார்த்தை. வீட்டு வண்டியின் பின்பக்கம் உங்களுடையது. இனி ஏறுமுன் கணவனிடமோ பிள்ளையிடமோ கேளுங்கள்: "சக்கரத்தைத் தூக்கிப் பார்த்தாயா?" அவன் விழித்தால் ஏறாதீர்கள், பஸ்ஸில் போங்கள்.