ஆரணிப் போரும் நம் பிள்ளைகளும்

வேலூருக்கும் ஆரணிக்கும் இடையே உள்ள கண்ணமங்கலத்தில், பட்டுத்தறியின் ஓசைக்கு நடுவே நம் பிள்ளை ஒருவன் சரித்திரப் பாடத்தை உருப்போடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். 1751இல் கிளைவ் ஆர்க்காட்டைக் கைப்பற்றி முற்றுகையைத் தாங்கி நின்றது அவனுக்கு மனப்பாடம். அவ்வாண்டு டிசம்பரில் சந்தா சாகிபின் மைந்தர் ரசா சாகிபைக் கிளைவ் முறியடித்த களம் தன் ஊருக்கு அருகிலுள்ள ஆரணி என்பதை அவன் அறிவானா?

அறிந்தவரிலும் அதனை முஸ்லிம்களுக்கும் பிறருக்கும் நடந்த போராக எண்ணுவோர் உளர். உண்மை வேறு. ரசா சாகிபின் பக்கம் பிரெஞ்சுக்காரர் நின்றனர். கிளைவ் போரிட்டதோ முகம்மது அலி என்னும் மற்றொரு முஸ்லிமின் நவாபுப் பட்டத்திற்காக; அவருக்குத் துணை வந்தது முராரி ராவின் மராட்டியக் குதிரைப்படை. பதவிப் போட்டிக்கு மார்க்கச் சாயம் பூசுதல் முறையன்று.

வகுப்பறைச் சரித்திரத்தில் நாம் பெரும்பாலும் வாளோடுதான் வருகிறோம். நெசவாளரும், மரைக்காயர் வணிகரும், ஆலிம்களும் அதில் அரிது. வேலூரில் ஷாஹ் அப்துல் வஹ்ஹாப் ஹழ்ரத் நிறுவிய பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தும், கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோர் எழுதிய அரபுத்தமிழ் நூல்களும், அவற்றின் வாயிலாக வீட்டிலிருந்தே மார்க்கம் கற்ற பெண்களும் இந்நாட்டுச் சரித்திரமல்லவா? உமறுப் புலவர் தமிழ்ப் பாடத்தில் இடம்பெற்றார்; அவரை ஈன்ற சமுதாயமோ சரித்திரப் பாடத்தின் வாசலிலேயே நிற்கிறது.

ஆனால், குறை கூறுவதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. விடுபட்டதை நிரப்புகிறோம் என்று மேடைகளில் ஆதாரமின்றிப் பெருமை பேசுவோரை என்னென்பது? ஒரு நபிமொழியை ஏற்குமுன் “யார் சொன்னார்? அவருக்கு அறிவித்தவர் யார்?” என்று சங்கிலித்தொடராக விசாரித்த சமுதாயம் இது. நமக்கே பாதகமாயினும் நீதிக்குச் சாட்சி பகர வேண்டுமெனத் திருமறை (4:135) பணிக்கிறது. ஆதலின் ஹைதர் அலியின் வீரத்தைப் பிள்ளைக்குச் சொல்லும் வாய், 1780இல் அவருடைய படையெடுப்பால் கர்நாடகத்துச் சிற்றூர்கள் எரிந்ததையும் சொல்ல வேண்டும். அவ்வூர்களில் வாழ்ந்தவர்களும் இறைவனின் படைப்பே.

1806 ஜூலை 10 அன்று நடந்த வேலூர்ப் புரட்சி பாடத்தில் உண்டு. அவ்வகையில் நன்றியே கூறுவோம். நெற்றிக்குறிக்கும் தாடிக்கும் சேர்த்தே விதிக்கப்பட்ட தடைதான் இந்து, முஸ்லிம் சிப்பாய்களை ஒன்றாக எழச் செய்தது. விடுமுறையில் பிள்ளைகளை அக்கோட்டைக்கும், வேலூரில் திப்புவின் குடும்பத்தார் அடங்கியுள்ள கல்லறைகளுக்கும் அழைத்துச் செல்லுங்கள்.

வீடு திரும்பியதும் பரணைப் பாருங்கள். மூதாட்டியார் ஓதிய அரபுத்தமிழ்க் கிதாபோ உருதுக் கிதாபோ அங்கிருந்தால், கறையான் அரிக்குமுன் எடுத்துத் துடைத்து, எழுதியவர் பெயர், அச்சிட்ட ஊர், ஆண்டு ஆகியவற்றைப் பிள்ளையின் கையாலேயே ஒரு நோட்டில் குறிக்கச் செய்யுங்கள்.