காலியாக ஓர் அரங்கு

அறுவை அரங்கு ஒரு நிமிடமும் சும்மா இருக்கலாகாது என்று நாம் எண்ணுவது இயல்பே. கருவிகள் விலைமிக்கவை, மருத்துவரும் செவிலியரும் குறைவு, காத்திருக்கும் நோயாளரோ பலர். எல்லா அரங்குகளையும் காலை முதல் மாலை வரை நிரப்பிவிடுவதே சிறந்த திட்டம் எனத் தோன்றும். அது பிழையான எண்ணம் என்பதே என் கருத்து.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், ஸ்பிரிங்ஃபீல்டு நகரின் செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனையில் 32 அறுவை அரங்குகள் இருந்தன. ஆண்டுக்கு ஏறத்தாழ 30,000 அறுவைகள் அங்கு நடந்தன. அரங்குகள் அனைத்தும் முன்பதிவால் நிறைந்திருந்தன. விபத்தில் சிக்கியவர் ஒருவர் வந்து சேர்ந்தால், முன்பே நாள் குறிக்கப்பட்டு வெறும் வயிற்றுடன் காத்திருந்தவரைத் தள்ளிவைத்தே அவருக்கு இடம் தர முடிந்தது. ஒருவரின் நேரம் தள்ளிப்போனால் அவருக்குப் பின்னிருந்த அனைவரின் நேரமும் தள்ளிப்போயிற்று. சில நாள்களில் மருத்துவர்கள் நள்ளிரவு கடந்தும் கத்தியைக் கையிலெடுத்தனர்.

2002ஆம் ஆண்டளவில் அம்மருத்துவமனைக்கு ஒரு யோசனை கூறப்பட்டது. ஓர் அரங்கை முன்பதிவுக்கே தராமல், அவசர அறுவைக்கென்று விட்டுவைக்க வேண்டும் என்பதே அது. இடமின்றித் தவிப்போரிடம் இருப்பதையும் விடச் சொன்னால் எப்படி? மருத்துவர்கள் தயங்கினர். ஆயினும் செய்து பார்த்தனர். மொத்த அறுவைகள் ஏறத்தாழ 5 விழுக்காடு கூடின. பிற்பகல் மூன்று மணிக்குமேல் நடந்த அறுவைகள் பாதிக்குச் சற்றுக் குறைவாகச் சரிந்தன.

காரணம் எளியது. நாளை எவருக்குக் கால் முறியும் என்று யாரும் அறியார். ஆனால், ஒரு நாளில் ஏறத்தாழ எத்தனை பேர் அவ்வாறு வருவர் என்பதைப் பழைய பதிவேடுகளைக் கொண்டு கணிக்கலாம். அவர்களுக்கென ஓர் இடம் இருந்துவிட்டால், மற்ற 31 அரங்குகளின் வரிசை குலையாது.

அந்த வரிசையை அமைப்பதும் எளிதன்று. காரணியப் பெருக்கம் கற்ற மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். பன்னிரண்டு நோயாளரை ஒரே வரிசையில் அமைக்கும் வழிகள் மட்டுமே 47,90,01,600. மருத்துவரின் நேரம், மயக்க மருந்து வல்லுநர், அறுவைக்குப் பின் தேவைப்படும் படுக்கை ஆகியவற்றையும் சேர்த்தால் மனித மூளை களைத்துவிடும். 1947இல் ஜார்ஜ் டான்ட்சிக் வகுத்த நேரியல் திட்டமிடல் முறையும் அதன்வழி வளர்ந்த முறைகளும் இங்கே உதவுகின்றன. இந்த நோயாளருக்கு இந்த அரங்கில் இந்த நேரம் என்றால் 1, இல்லையென்றால் 0. இப்படி எழுதிய கட்டுப்பாடுகளுக்குள் மிகச் சிறந்த அட்டவணையைக் கணினி தேடித் தரும்.

எதைச் ‘சிறந்தது’ என்பது? அதைச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தாம். நோயாளரின் ஒரு மணிநேரக் காத்திருப்புக்கும் செவிலியரின் ஒரு மணிநேரக் கூடுதல் பணிக்கும் என்னென்ன மதிப்பு என்பதை மனிதர் கூடிப் பேசிக் குறிக்கோள் சார்பில் எழுத வேண்டும். அரங்குகள் எத்தனை விழுக்காடு நிறைந்திருந்தன என்பதையே குறிக்கோளாக எழுதிக் கொடுத்தால், கணினி தரும் அட்டவணை ஸ்பிரிங்ஃபீல்டின் அந்தக் காலி அரங்கைத்தான் முதலில் நிரப்பும்.