ஒரு விசைப்பொறியும் எமது விசாவும்

சிட்னியில் இலக்குச் சுடுதல் பழகும் எம் இளையோருக்கு முதலில் கைக்கு வருவது பெரும்பாலும் .22 ரிம்பயர் கைத்துப்பாக்கி. ரவை மலிவு, உதைப்பும் குறைவு. 2000 ஒலிம்பிக் சுடுதல் போட்டிகள் நடந்த செசில் பார்க், லிட்கமிலிருந்து காரில் போய்வரக்கூடிய தூரம்தான்.

பிறகு ஆசை வரும். றூகர் மார்க் 4 போன்றவற்றுக்கு இலகுவான விசைப்பொறி, வேறு குழல், கைப்பிடி என அமெரிக்கக் கடைகள் இணையத்தில் விற்கின்றன. நியூ சவுத் வேல்ஸின் 1996 ஆம் ஆண்டுச் சட்டமோ குழல், ஸ்லைட், விசைப்பொறி, ரவைக்கூடு யாவற்றையும் துப்பாக்கிப் பாகங்களாகவே கொள்கிறது. வாங்க உரிமம் வேண்டும். வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்க முன்கூட்டிய அனுமதியும் வேண்டும். 2002 இல் மெல்பேண் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் இருவர் சுட்டுக் கொல்லப்பட்டபின், ரவைக்கூட்டுக்கும் 10 ரவை என்ற எல்லை வந்தது.

கைப்பிடி அந்த வரையறையில் இல்லை. புள்ளியைக் கூட்டுவதும் கைக்குப் பொருந்திய கைப்பிடிதான் என்பது எமது எண்ணம். சர்வதேச 25 மீற்றர் போட்டிகளில் விசையின் இழுவை 1000 கிராமுக்குக் குறையக்கூடாது. அதற்கும் கீழே இலகுவாக்கிப் பயன் என்ன?

எம்மில் குடியுரிமை பெறாதோர் இன்னும் பலர். குடிவரவுச் சட்டத்தின் 501 ஆம் பிரிவில், ஓராண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை விதிக்கப்பட்டாலே விசா ஆபத்துக்குள்ளாகும். தண்டனையைச் சிறையில் அனுபவிப்பவருக்கு 2014 முதல் ரத்து கட்டாயம். வரிக்கணக்குப் பிழைபோல் அபராதத்தோடு இது முடியுமென நம்பியிருக்க முடியாது. உரிமம் பெற்ற உள்ளூர் விற்பனையாளரிடம் விலை கூடத்தான். ஆனால் பற்றுச்சீட்டு கையில் இருக்கும்.