சுவர் காயட்டும்

பினாங்கின் பெருநிலப் பகுதியில் உள்ள மாக் மண்டினில் பழைய தரை வீடு வாங்கிய இளம் தம்பதி, ஞாயிறுதோறும் தாங்களே சுவரைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார்கள். ஈரம் ஏறி உப்புப் பூத்த அந்தச் சுவரைப் பார்த்ததும், 2008இல் உலகப் பாரம்பரியத் தகுதி பெற்ற அக்கரை ஜார்ஜ்டவுன்தான் நினைவுக்கு வந்தது. அங்கே பழைய கடைவீட்டுச் செங்கல் சுவரில் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்படும். சுண்ணாம்புச் சாந்து பூசினால்தான் சுவர் மூச்சுவிடும். இந்த வீட்டுக்குச் சுண்ணாம்பு தேவைப்படாமல் போகலாம், பொறுமை தேவை. “தீபாவளிக்குள்ளே பெயிண்ட் அடிச்சிடணும் அங்கிள்” என்கிறாள் அந்தப் பெண். பினாங்கில் தீபாவளி வருவதோ மழையோடு. “சுவர் காயட்டும்மா” என்றேன். அவசரத்தில் அடித்த பெயிண்ட் அடுத்த மழைக்கே உரிந்து, நம் அவசரத்தை வருகிற விருந்தாளிக்கெல்லாம் சொல்லிவிடுமே!